ஒரு நூலோட்டம், பல நடை



இறக்காமத்தில் எங்கள் பெண்கள் குழு கூடுகிற நாட்களில் நான் கையில் வைத்திருக்கும் பதிவுப் புத்தகத்தில் "தெரிந்த தொழில்" என்று ஒரு நிரல் உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருக்கிறது. எழுதியவள் நான்தான். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். கேட்கிற விதத்தில்தான் பாதிப் பதில் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு அது மறந்துவிட்டது.

ஒருநாள் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். "வீட்டில் ஒரு துணி கிழிந்தால் என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்யிற மிஸ், நூலோட்டிப் போடுவம்."

ஒருவர் விடாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் எம்ப்ரொய்டரி தெரியுமா என்றதும், "அதெல்லாம் எங்களுக்கு ஏலா" என்று கையை விரித்தார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப்போகிறேன்.

நூலோட்டம் இன்னதென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊசி துணியில் இறங்கும், சற்றுத் தள்ளி ஏறும், மறுபடி இறங்கும். தையற்காரர்கள் வெட்டிய துணியை மெசினில் போடுமுன் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதும் இதனால்தான். வேலை முடிந்ததும் பிரித்து எறிந்துவிடுவார்கள். அதனாலோ என்னவோ இதற்கு ஒரு மரியாதை கிடையாது. கைத்தையல் வகுப்புகளில் முதல் நாள் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குவார்கள். அடுத்த நாளே ரோஜாப்பூவுக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் குழுவுக்கும் அப்படி ஒரு பயிற்சி நடந்தது. மூன்று மாதம், வளையச் சட்டம், பளபளப்பான நூல், கடைசியில் சான்றிதழ். தலையணை உறைகளில் நெருக்கமாக நிரப்பிய ரோஜாக்கள். பயிற்சி முடிந்த பின் அந்த உறைகளை யாரும் வாங்கவில்லை. வாங்காததில் ஆச்சரியமும் இல்லை. கல்முனைக் கடைகளில் மெசினால் பூப்போட்ட உறைகள் இதைவிடக் குறைந்த விலைக்குத் தொங்குகின்றன. போதாக்குறைக்கு, நீளநீளமாகப் பரவிக் கிடக்கும் அந்த நூல் கழுவும்போது நகத்திலும் வளையலிலும் மாட்டிக் கிளம்பிவிடும். ஒரு தங்கச்சியின் பூ முதல் கழுவலிலேயே இதழ் இதழாகப் போய்விட்டது. பயிற்சியால் அவர்களுக்கு மிஞ்சியது என்னவென்றால், தங்களுக்குத் தையல் வராது என்ற உறுதியான நம்பிக்கை. பயிற்சி கொடுத்தவர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. பயனாளிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே இந்த முறை வேறு தையல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். மூன்று மாதமாக நூலோட்டம் மட்டும்தான்.

முதல் வேலை, நீளத்தை மாற்றிப் பார்ப்பது. நாங்கள் எடுத்துக்கொண்டது மருதமுனைக் கைத்தறிச் சாரன் துண்டு. கட்டம் போட்ட துணியானபடியால் கோடு கீற வேண்டியதில்லை. கட்டத்தின் கரையே வழிகாட்டும். மேலே தெரிகிற நூலும் கீழே மறைகிற நூலும் ஒரே அளவென்றால் ஒரு தோற்றம். மேலே கூடவும் கீழே குறையவும் எடுத்தால் கோடு அழுத்தமாகத் தெரியும். ஜப்பானில் சஷிகோ என்ற தையல் இருக்கிறது. அதுவும் நம்முடைய நூலோட்டமேதான். அங்கே மேலே தெரிகிற தையல் மூன்று பங்கென்றால் கீழே மறைவது இரண்டு பங்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தையல் அரிசி மணிபோல இருக்க வேண்டும் என்பார்கள். இதைச் சொன்னபோது எங்கள் பெண்கள் சிரித்தார்கள். குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் அரிசி மணியின் அளவை யாருக்கும் அளந்து காட்ட வேண்டியதில்லை. "பச்சையா, புழுங்கலா மிஸ்?" என்று ஒரு ராத்தா கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

இரண்டாவது மாற்றம்தான் பெரியது. ஒரு நிரைக்குப் பக்கத்தில் அடுத்த நிரை எப்படி நிற்கிறது என்பது. தையலுக்கு நேரே தையல், இடைவெளிக்கு நேரே இடைவெளி என்று வைத்தால் துணியில் தூண் தூணாக நிற்கும். முதல் நிரையின் இடைவெளிக்கு நேரே அடுத்த நிரையின் தையலை வைத்தால் செங்கல் அடுக்கியது போல வரும். ஒவ்வொரு நிரையையும் இரண்டு இழை தள்ளித் தள்ளித் தொடங்கினால் கோடுகள் சரிந்து ஓடும். ஐந்து நிரை வலப்பக்கம் தள்ளி, அடுத்த ஐந்தை இடப்பக்கம் தள்ளினால் மீன்முள். ஊசி செய்கிற வேலை ஒன்றுதான், தொடங்குகிற இடம் மட்டும்தான் மாறுகிறது.

இதைக் கரும்பலகையில் வரைந்து விளக்க நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். பன்பாய் இழைக்கிற ஒரு அக்கா மாணிக்கமடுவிலிருந்து வருகிறார். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது பாய்தானே மிஸ்" என்றார். எழுந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டின் மேல், இரண்டின் கீழ், அடுத்த வரியில் ஒன்று தள்ளி. நான் அரை மணித்தியாலமாகச் சொல்லியும் விளங்காதது அந்த ஒரு பாயில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. அவருடைய பெயருக்கு எதிரே என் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த "இல்லை"யை அன்றைக்கே வெட்டினேன்.

இழை எண்ணித் தைப்பதில் வல்லவர்கள் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் இருக்கிறார்கள். தோடர்ப் பெண்கள் முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கிறார்கள். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. விரலால் இழையை எண்ணிக்கொண்டே போகிறார்கள். நாம் பிற்பக்கம் என்று மறைக்கிற, நூல் சற்று மேடாக நிற்கிற பக்கம் அவர்களுக்கு முற்பக்கம். 2013இல் இந்தியாவில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதாவது வேறு யாரும் மெசினில் அடித்து அந்தப் பெயரில் விற்கக்கூடாது. ஜப்பானின் வடக்கே ட்சுகாரு என்ற குளிர்ப் பிரதேசத்திலும் இழை எண்ணித் தைக்கும் கோகின் என்ற தையல் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே விவசாயிகள் பருத்தி ஆடை அணிய அனுமதிக்கப்படவில்லை. முரட்டு நார்த்துணிதான் உடை. அதன் ஓட்டைகளில் காற்று புகாமல் இருக்கப் பெண்கள் பருத்தி நூலால் நெருக்கமாக நூலோட்டினார்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்பட எண்ணியதில் சாய்சதுரக் கோலங்கள் பிறந்தன. இன்று அழகென்று காட்சிக்கு வைப்பது அன்று குளிருக்குப் பயந்து தைத்தது.

மூன்றாவது, போன வழியே திரும்பி வருவது. நிரையின் முடிவுவரை நூலோட்டிப் போய், அதே துளைகளில் திரும்பினால் விட்ட இடைவெளிகள் நிரம்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முழுக்கோடு தெரியும். கர்நாடகத்தின் கசூதித் தையலில் கவந்தி, முர்கி என்று இரண்டு வகை இப்படித்தான் நடக்கிறது. முன்னது நேராகப் போகும், பின்னது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். முடிச்சுப் போடுவதில்லை. ஏனென்றால் பிற்பக்கம் என்று ஒன்று அதில் இல்லை. தலையில் போடுகிற முக்காட்டின் ஓரத்துக்கு இது மிகவும் பொருந்தும், காற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னும் சில சிறு வித்தைகள் இருக்கின்றன. நூலோட்டிய கோட்டில், துணியைக் குத்தாமல், வேறு நிற நூலை ஒவ்வொரு தையலுக்குக் கீழாலும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் முறுக்கிய கயிறு மாதிரி வரும். சுற்றாமல் மேலும் கீழுமாக நுழைத்தால் அலை. அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு அலை நுழைத்தால் கண்ணி கண்ணியாக நிற்கும். இதற்கு ஊசியின் கண்பக்கத்தை முன்னுக்கு விட்டு நுழையுங்கள். கூர் முனையென்றால் நூலைப் பிளந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டினால் கட்டம், சிலுவை, பூ எல்லாம் வரும். தையல்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நடுவில் சிறு வெளி விடுவது அழகு. செய்து பாருங்கள், எழுதினால் நீளும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நூலோட்டம் என்றால் வங்காளத்தின் காந்தாவைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, நூலோட்டி விரிப்பாகவும் போர்வையாகவும் செய்வார்கள். முன்பெல்லாம் நூல்கூட வாங்கியதில்லை. பழைய சேலைக் கரையிலிருந்தே நிற நூலை உருவி எடுத்தார்கள். நெருக்கமாக ஓடும் நிரைகள் துணியை மெல்ல இழுத்துப் பிடிப்பதால் குளத்தில் காற்று வீசினால் எழும் சிற்றலை மாதிரி ஒரு சுருக்கம் விழும். அதுதான் காந்தாவின் அடையாளம். முஸ்லிம் வீடுகளில் குர்ஆனைச் சுற்றி வைக்கும் உறை, தொழுகை விரிப்பு. இந்து வீடுகளில் பூசைக்கு உட்காரும் ஆசனம். எல்லா வீடுகளிலும் பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி. தையல் ஒன்றுதான். 1971 யுத்தத்துக்குப் பிறகு பங்களாதேஷில் வாழ வழியற்றுப்போன கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் தேடிக்கொடுத்த தொழில்களில் இதுவும் ஒன்று. 1972இல் உருவான பிராக் நிறுவனம் கைவினைப் பொருட்களை விற்பதற்காக 1978இல் ஆரோங் என்ற கடையைத் தொடங்கியது. ஜமால்பூர், ஜெசோர் போன்ற மாவட்டங்களில் இன்றும் பெண்கள் வீட்டில் இருந்தபடியே காந்தா தைக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், "அடுத்த கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து பழைய துணி கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நில்லாமல், "ஆண்களுடைய பழைய சாரன் என்றால் இன்னும் நல்லது, துணி மெதுவாக இருக்கும்" என்றும் சொன்னேன்.

அடுத்த கிழமை பலர் கொண்டு வந்தார்கள். ஒரு மாமி வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. சுகமில்லையோ என்று வீட்டுக்குப் போனேன். அறுபதைத் தாண்டியவர். தேத்தண்ணி தந்தார், ஊர்க்கதை பேசினார். போக எழும்பும்போதுதான் உள்ளே போய் ஒரு சாரனைக் கொண்டு வந்தார். பூச்சி உருண்டை மணத்தது. மருதமுனைச் சாரன், நீலக் கட்டம். மடித்த இடமெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

"பழசுதான் மகள்" என்றார். "ஆனா கழிச்சது இல்ல."

அவருடைய கணவர் 1990இல் வயலுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. நம் ஊர்களில் ஒருவர் மௌத்தானால் அவருடைய உடுப்புகளை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுவது வழக்கம். மாமி கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். இத்தா இருக்கவில்லையா என்று அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கும் அவர் பதில் சொல்லவில்லையாம். அப்படி இருந்த ஒருவரிடம்தான் நான் கூட்டத்தில் வைத்துப் பழைய சாரன் கேட்டேன். யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பெண்களோடு வேலை செய்கிறேன் என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்! பெட்டியில் இருக்கிற துணி என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். கொண்டு வர வேண்டாம், கடைத்துணியில் தைக்கலாம் என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. சாரனை மடியில் வைத்துக்கொண்டு, "வெட்டணுமா?" என்று கேட்டார்.

வெட்டத் தேவையில்லை என்றேன். காந்தாவில் துணியை முழுசாகத்தான் விரிப்பார்கள். நைந்த துணியை நடுவில் வைத்து மேலும் கீழும் உறுதியான துணி போடுவார்கள் என்றும் சொன்னேன்.

"நடுவுல வச்சா வெளியால தெரியாதா?"

"தெரியாது மாமி."

"ஊசி அதுக்குள்ளாலயும் போகுமே."

"போகும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அவருக்கு ஆலோசனை சொல்லவோ ஆறுதல் சொல்லவோ முயலவில்லை என்பது மட்டும்தான் அன்று நான் சரியாகச் செய்த வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். தையல் மனக்காயத்தை ஆற்றும் என்று நிறுவன அறிக்கைகளில் எழுதுவதுண்டு. நான் அப்படி எழுதப் பயப்படுகிறேன். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும் என்பது உண்மை. முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்துப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அதற்கு மேல் அதில் ஒரு மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய நீதியையும் கிடைக்க வேண்டிய காணியையும் ஊசியால் தைத்துக் கொடுக்க முடியாது. பெண்களுக்கு உதவி என்றாலே தையல் மெசினோடு வந்து நிற்கிற பழக்கத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஒரே ஊரில் எல்லோருக்கும் மெசின் கொடுத்தால் தைக்கக் கொடுப்பவர் யார்?

ஆனால் கை சும்மா இருப்பதன் பாரம் எனக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26இல் அம்பாறைக் கரையோரத்தில் கடல் வந்தபோது நான் பாடசாலை மாணவி. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது, 10,000க்கு மேல். முகாமில் பெண்கள் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு மறக்கவில்லை. அடுப்பு இல்லை, கூட்ட முற்றம் இல்லை, கைகள் மடியில் கிடந்தன. 2011 மார்ச் 11இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது ஒட்சுச்சி என்ற கடலோர ஊரும் அழிந்தது. அங்கே பாடசாலை மண்டபங்களில் தங்கியிருந்த பெண்களுக்கு அதே நிலைமை. அந்த ஆண்டிலேயே அங்கு சஷிகோத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு பாயளவு இடமும், ஊசியும், நூலும், சிறு துணித்துண்டும் போதுமானதால் முகாமுக்குள்ளேயே தைக்க முடிந்தது. தைத்ததற்குக் கூலி கிடைத்தது, வாங்க ஆளிருந்தது. கூலியும் வாங்க ஆளும் இல்லையென்றால் இதை நான் உங்களுக்கு உதாரணமாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே கூலிக் கணக்கு. எங்கள் குழுவில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தைத்துப் பார்த்தோம். ஒரு சாண் சதுரம், மூன்று மடிப்புத் துணி, நிரைக்கு நிரை ஒரு நெல்மணி இடைவெளி. கை பழகியவருக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. கதிரை மெத்தைக்குப் போடும் 16 அங்குல உறை ஒன்றின் ஒரு பக்கம் இதே நெருக்கத்தில் தைக்க ஐந்தரை மணித்தியாலமாவது வேண்டும். நூல் அதிகம் போகாது. 8 மீற்றர் நூல்கண்டில் ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீற்றர். ஒரு சாண் சதுரத்துக்குப் பத்து மீற்றருக்குள் முடிந்துவிடும். முன்பு ரோஜாப்பூ தைத்த காலத்தில் யாரும் மணித்தியாலத்தை எழுதி வைக்கவில்லை. நூல் விலையோடு சிறு தொகை சேர்த்து விலை சொன்னார்கள், அதையும் பேரம் பேசிக் குறைத்தார்கள். இப்போது எல்லோரிடமும் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கிறது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழும்பினோம் என்று குறிக்கிறார்கள். அடுப்பைப் பார்க்க எழும்பினால் அதையும் கழிக்கிறார்கள், அவ்வளவு நேர்மை! விலையைச் சொல்ல இன்னும் வெட்கம்தான். கொப்பியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.

துணி அடுக்கும்போது கவனிக்க வேண்டிய சில விடயங்கள், நாங்கள் கெடுத்துப் பழகியவை. புதுத்துணியைச் சேர்ப்பதானால் முதலில் கழுவிக் காய வையுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலில் அது மட்டும் சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். சிவப்பு, கருநீலத் துணிகளின் சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணிகளைப் பாயின் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிவிட்டு, பெரிய பெரிய நூலோட்டமாகப் பிடித்த பின்னரே நெருக்கமாகத் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி வீங்கி நிற்கும். எங்கள் முதல் விரிப்பில் ஒரு கோழிக்குஞ்சு படுத்திருப்பது போல நின்றது. நூலை இறுக்கி இழுக்காதீர்கள், ஒவ்வொரு நிரை முடிவிலும் விரலால் நீவிவிடுங்கள். நைந்த துணி இருக்கிற இடத்தில் தையல் குட்டையாக இருக்கட்டும். ஐந்து மடிப்புக்கு மேல் போக வேண்டாம், விரல் தாங்காது.

மாமி ஒரு மாதம் கழித்து வந்தார். மேலே போட ஒரு வெள்ளைத் துணி, கீழே போட மகளுடைய பழைய சாரி, இரண்டுக்கும் நடுவே அந்தச் சாரன். விரிக்கும்போது நாங்கள் நாலைந்து பேர் பாயின் நான்கு பக்கமும் பிடித்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மேல்துணியில் கட்டம் இல்லாததால் அவருக்கு வழிகாட்டக் கோடு இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கிற நீலக்கட்டம் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்த்துப் பார்த்து நூலோட்டுகிறார். கண் மங்கல், ஆகவே பகலில் மட்டும். செங்கல் அடுக்குத்தான் அவருக்குப் பிடித்தது. அரைவாசிக்கு மேல் வந்துவிட்டது. சாரனின் மடிப்பு வெளிறிய இடங்கள் வரும்போது தையல் அரிசியிலிருந்து குறுணியாகிவிடுகிறது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

குழுவில் இன்னொரு அக்காவிடமும் அப்படி ஒரு துணி இருக்கிறதென்று பின்னர் அறிந்தேன், மகனுடைய சேர்ட். அவர் கொண்டு வரவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். அவர் கடைத்துணியில் அழகாகத் தைக்கிறார், அவ்வளவு போதும்.

சென்ற மாதம் கல்முனையிலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி எங்கள் வேலைகளைப் பார்க்க வந்தார். மெத்தை உறைகள் சிலவற்றுக்கு ஓடர் கொடுத்தார். பாயில் கிடந்த மாமியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, இது என்ன விலை என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது விலைக்கில்ல மகள்" என்றார் மாமி. பிறகு தன் கொப்பியை எடுத்து மணித்தியாலக் கணக்குப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினார். "இதே மாதிரி வேற தச்சுத் தரலாம். கணக்கு இதுல இருக்கு, பாருங்க."

அடுத்த மாதம் சங்கிலித் தையல். ஒரு சாண் பருத்தித் துணியும் நீண்ட கண்ணுள்ள ஊசியும் எடுத்து வையுங்கள். கொப்பியும்.